இங்கிலீஷ் ஓப்பனிங்கில் ஈ3க்கு வந்த காலாளை நான் வெட்டியது பிழையா?

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

வணக்கம். தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளுக்குச் சதுரங்கமும் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் கண்டியில் நடந்த ஆறு சுற்றுப் போட்டி ஒன்றின் ஐந்தாவது சுற்றில், வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்ற ஆட்டத்தை இங்கே வைக்கிறேன். தோற்றதைவிட, எந்த இடத்தில் தோற்றேன் என்பது இன்னும் பிடிபடாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் இந்தத் தொடக்கத்தை நான் ஏன் ஆடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயிற்றுநர் என்று எவரும் இருந்ததில்லை. முதல் நகர்வாக ஈ4 ஆடினால் எதிரில் இருப்பவர் கறுப்பின் பதில் முறைகளில் சிசிலியனைக் கொண்டுவருவாரா, ஃபிரெஞ்சைக் கொண்டுவருவாரா, காரோ-கானைக் கொண்டுவருவாரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படித்திருக்க வேண்டும். பாடசாலை வேலையோடு அது எனக்கு முடியாத காரியம். ஆகவே மூன்று ஆண்டுகளாக முதல் நகர்வாகச் சி4 மட்டுமே, அதாவது இங்கிலீஷ் ஓப்பனிங் மட்டுமே ஆடிவருகிறேன். நடுச்சதுரங்களைக் காலாள்களால் நிரப்பாமல், ஜி2இல் நிற்கும் மந்திரியைக் கொண்டு ஓரத்திலிருந்து அவற்றைக் கட்டுப்படுத்தும் முறை எனக்குப் பிடித்திருந்தது, இந்த ஆட்டம் வரைக்கும் பெரிய அடி எதுவும் விழவுமில்லை.

சதுரங்களின் பெயர்களை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்: எழுத்து மேல்கீழான நிரலையும், எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசையையும் குறிக்கும். காயின் பெயர் இல்லாவிட்டால் அது காலாளின் நகர்வு. கோட்டை கட்டல் என்பது அரசனும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது. ஒவ்வொரு எண்ணிலும் வெள்ளையின் நகர்வு முதலில் வருகிறது.

1. சி4, ஈ5; 2. குதிரை சி3, குதிரை எஃப்6, 3. குதிரை எஃப்3, குதிரை சி6, 4. ஜி3, மந்திரி பி4, 5. மந்திரி ஜி2, கோட்டை கட்டல், 6. கோட்டை கட்டல், ஈ4, 7. குதிரை ஜி5, மந்திரி சி3இல் வெட்டு, 8. பி காலாள் சி3இல் வெட்டு, கோட்டை ஈ8, 9. எஃப்3, ஈ3, 10. டி காலாள் ஈ3இல் வெட்டு, எச்6, 11. குதிரை எச்3, பி6, 12. குதிரை எஃப்2, மந்திரி ஏ6; 13. அரசி ஏ4, குதிரை ஏ5, 14. ஈ4, மந்திரி சி4இல் வெட்டு, 15. கோட்டை ஈ1, டி6.

இதற்குப் பிறகு எதிராளி அவசரமே படவில்லை. அவருடைய மந்திரி சி4இல் குந்தியிருக்க, குதிரைகள் ஒவ்வொன்றாக நல்ல இடங்களுக்கு வந்தன. என் ஏ2 காலாளும் சி3 காலாளும் அடுத்தடுத்து விழுந்தன, 41ஆவது நகர்வில் கைகொடுத்துவிட்டு எழுந்தேன். ரயிலில் திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டியதிலிருந்து சிங்கமலைச் சுரங்கம் வரைக்கும் நகர்வுத் தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது நகர்வில் அவர் எனக்கு ஒரு காலாளைச் சும்மா கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். அதன்பின் பெரிய பிழை என்று விரல் வைத்துக் காட்டும்படி ஒரு நகர்வும் எனக்குத் தென்படவில்லை, ஆனாலும் ஐந்தே நகர்வுகளில் என் நிலை சீர்குலைந்துவிட்டது.

பத்தாவது நகர்வில் வெட்டியது பிழையா, அதற்கு முன்பு எஃப்3 ஆடியதே பிழையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பதின்மூவரும் என்னைப் பார்த்துச் சி4 ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொடக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது சரிதானா?

நானுஓயா மூத்தவர் எழுதியது:

தம்பி, ஆட்டத்தை ஒளிக்காமல் முழுவதுமாக வைத்ததற்கு நன்றி. ஈ3 என்ற அந்த நகர்வுக்கு ஒரு வரலாறு உண்டு, அதை அறிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1987இல் ஸ்பெயினின் செவில்லா நகரில் காஸ்பரோவும் கார்ப்போவும் உலகப் பட்டத்துக்காக ஆடினார்கள். அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், உங்கள் பலகையில் வந்த அதே நிலைதான் வந்தது. வெள்ளை ஆடிய காஸ்பரோவ் ஒன்பதாவது நகர்வில் எஃப்3 ஆட, கார்ப்போவ் வெட்டாமல் காலாளை ஈ3க்குத் தள்ளினார். காஸ்பரோவ் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் காலாளைத் தொடாமல் டி3 ஆடினார். உலகச் சாம்பியன் அவ்வளவு நேரம் யோசித்து வேண்டாம் என்று விட்ட காலாள் அது. அப்போது நான் இளைஞன். கொழும்புப் பத்திரிகையில் வந்த நகர்வுகளை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன், இந்த ஆட்டத்தை எத்தனை முறை பலகையில் வைத்துப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஏன் வேண்டாம் என்று விட்டார்? உங்கள் சி4 காலாளைப் பாருங்கள். எட்டாவது நகர்வில் பி காலாள் சி3க்கு வந்துவிட்டபடியால், பி3இல் நின்று சி4ஐத் தாங்க இனி ஆள் இல்லை. எஞ்சியிருப்பது டி காலாள் மட்டும். அது டி3இல் நின்றால் சி4க்குக் காவல் உண்டு. நீங்கள் அந்த ஒரே காவலையும் ஈ3க்கு அனுப்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு சி4ஐக் காய்கள்தான் காக்க வேண்டும், காய்களோ துரத்தினால் ஓடக்கூடியவை. நம் மலைச்சரிவில் கல்லுக்கட்டு எடுத்த இடத்தில் மண் நிற்காதது போலத்தான் இதுவும். எதிராளி ஆடிய பி6, மந்திரி ஏ6, குதிரை ஏ5 ஆகிய மூன்று நகர்வுகளும் அந்த ஒரு சதுரத்தை நோக்கியே வந்தவை. அவற்றில் கணக்குப் போட வேண்டிய சிக்கல் ஒன்றுமில்லை, இலக்கு எது என்று தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது விடயம் உங்கள் மந்திரிகளைப் பற்றியது. ஏழாவது நகர்வில் எதிராளி தன் மந்திரியைக் கொடுத்து உங்கள் குதிரையை எடுத்தார். ஒரே நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைக் காலாளை ஏற்றுக்கொண்டதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்தது மந்திரி இணை, அதாவது அவரிடம் ஒரு மந்திரி இருக்க உங்களிடம் இரண்டும் இருப்பது. ஆனால் பத்தாவது நகர்வு முடிந்ததும் அந்த இரண்டும் என்ன செய்கின்றன? ஜி2 மந்திரியின் வழியை எஃப்3 காலாள் அடைத்து நிற்கிறது, சி1 மந்திரியின் வழியை ஈ3 காலாள் அடைத்து நிற்கிறது. இரண்டும் உங்கள் சொந்தக் காலாள்கள். காலாள் கணக்கில் எட்டுக்கு ஏழு என்று முன்னால் இருந்தீர்கள், ஆனால் அந்த எட்டில் நான்கு, சி நிரலிலும் ஈ நிரலிலும் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இரட்டைகள். சி4 போல நடுவை ஓரத்திலிருந்து பிடிக்கும் பக்கவாட்டுத் தொடக்கம் ஆடுகிறவருக்கு ஜி2 மந்திரியின் குறுக்குவழி அடைபட்டுவிட்டால் அந்தத் தொடக்கத்தை ஆடியதற்கே பொருள் இல்லாமல் போய்விடுகிறது.

டி3 ஆடினால் ஈ3 காலாள் உங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கும் என்பது உண்மை. கோட்டை ஈ8இல் இருந்து அதைக் காப்பதால் சி1 மந்திரியால் உடனே எடுக்கவும் முடியாது. ஆனால் அது தன் படையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட காலாள், அதைக் காப்பாற்றுவது கறுப்புக்குத் தொடர்ந்து ஒரு சுமை. செவில்லா ஆட்டத்தில் வெள்ளை 22ஆவது நகர்வில் கோட்டையால் அதை எடுத்தது. அந்த ஆட்டத்தில் கடைசியில் கார்ப்போவ்தான் 32 நகர்வுகளில் வென்றார், ஆனால் தோல்விக்குக் காரணம் டி3 அல்ல, அதற்குப் பிறகு நேர நெருக்கடியில் வந்த நகர்வுகள்தான். அதே தொடரின் நான்காவது ஆட்டத்தில் காஸ்பரோவ் மீண்டும் இதே தொடக்கத்தை ஆடி வென்றார். 24ஆவதும் கடைசியுமான ஆட்டத்தில், வென்றால்தான் பட்டம் தங்கும் என்ற நிலையிலும், ஈ4ஐ நாடாமல் சி4 ஆடித்தான் வென்றார். தொடர் 12க்கு 12 என்று முடிந்து பட்டம் அவரிடமே இருந்தது. ஆகவே ஒரு ஆட்டத்தில் அடிபட்டதற்காக இந்தத் தொடக்கத்தைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கொட்டகலை வாசகர் எழுதியது:

எனக்கும் இதே நிலை இரண்டு முறை வந்திருக்கிறது. ஈ4 காலாள் குதிரையைத் துரத்தும்போது ஜி5க்குப் போகாமல் ஈ1க்கே திரும்பிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? பின்வாங்குவது போலத் தோன்றினாலும் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நானுஓயா மூத்தவர் எழுதியது:

ஆடலாம். கறுப்பு சி3இல் வெட்டினால் அந்த முறையில் டி காலாளால் திருப்பி வெட்டுங்கள், பி காலாள் பி2இலேயே இருக்கும், வேண்டும்போது பி3க்கு வந்து சி4ஐத் தாங்கும். ஈ1 குதிரை சி2 வழியாக ஈ3க்கு வரும். மெதுவான முறைதான், குறை சொல்ல முடியாது.

பேராதனை மாணவி எழுதியது:

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பத்தாவது நகர்விலேயே ஆட்டம் போய்விட்டது என்ற எண்ணம் சேருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வெட்டியதால் நிலை கடினமானது, அவ்வளவுதான். உண்மையான தோல்வி 13ஆவது நகர்வில், அரசியை ஏ4க்குக் கொண்டுபோனதில்தான் வந்தது என்பது என் எண்ணம்.

12ஆவது நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். கறுப்பின் மந்திரி ஏ6இல் இருந்து சி4ஐத் தாக்குகிறது, சேரிடம் அதற்குக் காவல் இல்லை. அரசியால் காக்கும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். டி3இல் நிறுத்தினால், சி6 குதிரை ஈ5க்கு வந்து அரசியையும் சி4ஐயும் ஒரே நேரத்தில் தாக்கும். ஏ4இல் நிறுத்தினால் மந்திரியைத் தாக்கிக்கொண்டே சி4ஐக் காப்பது போலத் தோன்றும், சேரும் அந்த ஆசையில்தான் ஆடியிருப்பீர்கள். ஆனால் குதிரை ஏ5க்கு வந்ததும் மந்திரி மறைந்துகொள்கிறது, குதிரையைப் பி6 காலாள் காக்கிறது, சி4இன் மேல் இரண்டு தாக்குதல்கள் சேர்ந்துவிடுகின்றன. அதைவிடக் கேடு, அரசி டி1ஐ விட்டுப் போனதால் ஈ2 காலாளும் காவலின்றி நின்றது. அதனால்தான் மந்திரி சி4இல் வெட்டிய கையோடு ஈ2ஐயும் தாக்கியது, சேர் கோட்டையை ஈ1இல் முடக்க வேண்டி வந்தது. 14ஆவது நகர்வில் சி5 தள்ளியிருந்தாலும் ஏ6 மந்திரி நேராக ஈ2இல் வெட்டியிருக்கும்.

ஆனால் அதே சி5ஐ ஒரு நகர்வு முன்னதாக, 13ஆவதாக, அரசி டி1இல் இருக்கும்போதே ஆடிப் பாருங்கள். அப்போது ஈ2ஐ அரசி காக்கிறது. எப்படியும் விழப்போகும் காலாளை நாமே முன்னுக்குத் தள்ளிக் கொடுக்கிறோம். கறுப்பு பி காலாளால் சி5இல் வெட்டினால், இப்போது இரட்டைக் காலாள் அவர் பக்கத்திலும் வந்துவிடுகிறது. பி நிரல் நம் கோட்டைக்குத் திறக்கிறது. அடுத்து ஈ4 ஆடினால் சி1 மந்திரிக்கு வழி கிடைக்கிறது, அது ஈ3க்கு வந்து சி5 காலாளைத் தாக்கும். காலாள் கணக்கு ஏழுக்கு ஏழு. வெள்ளைக்குப் பெரிய மேன்மை ஒன்றும் கிடையாது, ஆனால் இரண்டு மந்திரிகளும் வேலை செய்யும் நிலை அது. ஒன்பதாவது நகர்வில் கிடைத்த காலாளை எப்படியாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததுதான் தீங்கு செய்தது. நல்ல நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும்.

ஒன்பதாவது நகர்வுக்கு வருகிறேன். எஃப்3க்குப் பதிலாக டி3 ஆடினால் போதும் என்பது என் பழக்கம். கறுப்பு டி3இல் வெட்ட, நாம் ஈ காலாளால் திருப்பி வெட்டுகிறோம். அந்தக் காலாள் டி3இல் நின்று, ஐயா சொன்ன அதே காவல் வேலையைச் செய்கிறது. எஃப் காலாள் அசையாததால் ஜி2 மந்திரியின் வழி முழுவதும் திறந்திருக்கிறது.

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. டி காலாள்தான் சி4இன் கடைசிக் காவல் என்பதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. நகர்வுத் தாளில் நேரத்தையும் குறித்திருந்தேன். பத்தாவது நகர்வுக்கு நான் எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம். கையில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது, ஆனாலும் இலவசமாக வந்த காலாளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று எண்ணிவிட்டேன். 13ஆவது நகர்வுக்கு 19 நிமிடம் எடுத்தேன். யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் விட்டதை, வேறோர் இடத்தில் நேரம் செலவழித்து ஈடுசெய்ய முடியவில்லை.

தங்கை சொன்ன ஒன்பதாவது நகர்வு டி3 பற்றி ஒரு சந்தேகம். இருவரும் டி3இல் வெட்டி முடித்த பிறகு ஈ நிரல் முழுவதும் திறந்துவிடுகிறது, எதிராளியின் கோட்டை ஏற்கெனவே ஈ8இல் நிற்கிறது. திறந்த நிரலை அவருக்குக் கொடுப்பது தீங்காகாதா?

பேராதனை மாணவி எழுதியது:

சேர், கோட்டை ஒரு நிரலில் நிற்பதால் மட்டும் பயன் வந்துவிடாது. அது அந்த நிரல் வழியாக உள்ளே இறங்க ஒரு சதுரம் வேண்டும். ஈ1ஐ நம் கோட்டை காக்கிறது, ஈ2ஐயும் அரசி காக்கிறது, ஈ3ஐ சி1 மந்திரி பார்க்கிறது, ஈ4ஐ டி3 காலாள் பார்க்கிறது. இறங்க இடமில்லை. நம் கோட்டையும் ஈ1க்கு வந்தால் ஒரு சோடி கோட்டைகள் வெட்டுப்பட்டுப் போகும், மந்திரி இணை உள்ளவருக்கு அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

பண்டாரவளைப் பயிற்றுநர் எழுதியது:

ஆசிரியர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் பிள்ளைகளுக்குச் சி4ஐ முதல் தொடக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அது தரம் குறைந்தது என்பதற்காக அல்ல. ஈ4 ஆடி எதிராளி ஈ5 ஆடினால் காய்கள் விரைவாக மோதிக்கொள்ளும். காலாளை இழந்தால் எதனால் இழந்தோம் என்று அதே இடத்தில் பிள்ளைக்குத் தெரியும். பக்கவாட்டுத் தொடக்கத்தில் பிழை நடந்த நகர்வுக்கும் அதன் தண்டனைக்கும் இடையில் இருபது நகர்வுகள் போய்விடுகின்றன. கணிதம் படித்த ஆசிரியருக்கே தான் தோற்ற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் இத்தனை பேரைக் கேட்க வேண்டியிருந்தது என்றால், பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அது தோற்றுவிட்டு, தன்னால் முடியாது என்று நினைத்து விலகிவிடும். மலையகத்தில் பிள்ளைகளுக்குப் போட்டிக்குப் போகவே ஆண்டில் ஓரிரு வாய்ப்புகள்தான் கிடைக்கின்றன. அவர்களில் பலர் தோட்டத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அந்த ஐந்தாறு ஆட்டங்களிலும் எதையாவது தெளிவாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆனால் இந்தத் தொடக்கங்களின் ஆட்டங்களைக் காட்டாமலும் விடுவதில்லை. இரண்டு ஆட்டங்களை ஒரே நாளில் சோடியாகக் காட்டுவேன். முதலாவது, 1924இல் நியூயோர்க்கில் ரெட்டி, கபபிளாங்காவை வென்ற ஆட்டம். உலகச் சாம்பியனாக இருந்த கபபிளாங்கா அதற்கு முன் எட்டு ஆண்டுகளாக ஓர் ஆட்டம்கூடத் தோற்றிருக்கவில்லை. குதிரையை எஃப்3இல் வைத்துத் தொடங்கி, மந்திரிகளை ஓரங்களில் நிறுத்தி, நடுவைத் தூரத்திலிருந்து பிடித்து ரெட்டி அவரை வீழ்த்தினார். இரண்டாவது, 1970இல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில் லார்சனை ஸ்பாஸ்கி வென்ற ஆட்டம். லார்சன் முதல் நகர்வாக பி3 ஆடினார். நான்காவது நகர்வில் எஃப்3க்கு வந்த குதிரையை ஸ்பாஸ்கியின் ஈ காலாள் ஈ4க்கு ஓடிவந்து துரத்தியது, ஆசிரியரின் ஆட்டத்தில் ஆறாவது நகர்வில் நடந்த அதே காரியம். அந்தக் குதிரை டி4க்குப் போய், சி6இல் ஒரு சோடி குதிரைகள் மாறி, கறுப்பின் காய்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, வெள்ளை அரசனோ நடுவிலேயே நின்றது. 14ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி தன் கோட்டையை எச்1இல் பலி கொடுத்தார். 17ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. தூரத்திலிருந்து நடுவைப் பிடிப்பதற்கும் நடுவை மறந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை, இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளை என் விளக்கம் இல்லாமலே உணர்ந்துகொள்ளும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நீங்கள் சி4ஐ விட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் பதின்மூவரையும் அடுத்த ஓர் ஆண்டுக்கு ஈ4 ஆட வையுங்கள். அவர்களில் பொறுமையாக நிலையைப் பார்க்கும் ஒருவரோ இருவரோ இருந்தால் அவர்களாகவே பிறகு உங்களிடம் வந்து கேட்பார்கள்.

நானுஓயா மூத்தவர் எழுதியது:

அம்மா சொன்னதில் ஒரு பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது எனக்கு ஆட்டம் சொல்லித்தந்த தோட்டத்துக் கிளாக்கர் சி4தான் ஆடுவார், நானும் அதைத்தான் முதலில் ஆடினேன். பிழைக்கும் தண்டனைக்கும் இடையில் இருபது நகர்வு போகும் என்பது உண்மை, ஆனால் அந்த இருபது நகர்வையும் பிள்ளையோடு உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அதுவே நல்ல பாடமாகிவிடும். தலவாக்கலைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அவர் எழுதியதிலேயே தெரிகிறது. இருந்தாலும் பதின்மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்பதை நான் மறந்துவிடக் கூடாது. அந்த அளவில் அம்மாவின் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறேன்.

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

அக்கா சொன்னபடி பிள்ளைகளை இந்த வாரத்திலிருந்து ஈ4க்கு மாற்றுகிறேன். தரம் ஒன்பதில் படிக்கும் ஒரு மாணவி மட்டும் மறுத்தாள், தனக்குச் சி4தான் பிடிக்கும் என்றாள். அவளை வற்புறுத்தவில்லை. அவளுக்கு ஐயா சொன்ன முறையில், தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் முதல் நகர்விலிருந்து உடன் இருந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் ஆடுவதற்கு ஒரு மாற்றம் யோசித்தேன். மூன்றாவது நகர்வில் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவராமல் முதலில் ஜி3 ஆடினால், ஈ4 தள்ளித் துரத்த எதிராளிக்குக் குதிரையே இருக்காது அல்லவா? இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாவது நகர்விலேயே ஜி3 ஆடிவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது.

பேராதனை மாணவி எழுதியது:

மூன்றாவது நகர்வில் ஜி3 நல்ல யோசனை, சேர். கறுப்பு மந்திரியைப் பி4க்குக் கொண்டுவந்து கோட்டை கட்டினாலும், நீங்கள் ஜி2இல் மந்திரியை வைத்துவிட்டு அதன்பின் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவரலாம். அப்போது ஈ4 தள்ளித் துரத்தினால், சி6இல் இன்னும் குதிரை வராததால் உங்கள் குதிரை டி4க்குப் போகலாம். பிறகு சி6க்கு அவர் குதிரை வந்து தாக்கினால் சி2க்கு இறங்கிக்கொள்ளலாம். ஜி5க்குப் போய் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் நிலை வராது. ஆனால் மூன்றாவது நகர்வில் கறுப்பு டி5 ஆடினால், நீங்கள் வெட்டி, அவர் குதிரையால் திருப்பி வெட்டி, ஆட்டம் முற்றிலும் வேறு பாதையில் போகும். கறுப்பு ஆடும் சிசிலியன் டிராகன் என்ற முறையை வெள்ளை ஆடுவது போன்ற, நிறம் மாறிய வடிவம் அது. அதையும் படித்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது நகர்வில் ஜி3 ஆடுவதில் ஒரு கவனம் வேண்டும். சி3இல் குதிரை இல்லாததால் டி5இன் மேல் உங்கள் பிடி குறைவாக இருக்கும், கறுப்பு சி6 ஆடி அடுத்து டி5 தள்ளி நடுவில் இரண்டு காலாள்களை நிறுத்த முயலும். அதற்கு டி4 ஆடி உடனே நடுவில் மோத வேண்டும். அதற்குத் தயாராக இல்லாமல் இரண்டாவது நகர்வை மாற்ற வேண்டாம்.

நானுஓயா மூத்தவர் எழுதியது:

தம்பி, வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு ஒரு வேலையாக வருகிறேன். செவில்லா ஆட்டங்களை ஒட்டிய அந்தக் கொப்பியையும் ஒரு பலகையையும் எடுத்து வருகிறேன். சி4ஐ விடமாட்டேன் என்ற அந்த மாணவியையும், அவள் பெற்றோர் சம்மதித்தால், கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது ஆட்டத்தில் பத்தாவது நகர்வுக்குப் பிறகு வந்த நிலையிலிருந்து ஆடிப் பார்ப்போம்.